காங்கேசன்துறை சீமெந்துப் பக்கம் ஒருநாள் போறதெண்டால் எப்பிடிப் போறது, என்னத்தைப் பாக்கிறது

வெளிநாட்டிலயிருந்து லீவுக்கு வாற ஆக்கள், கொழும்பிலயிருந்து வாற ஆக்கள், ஏன் எங்கட ரவுண் பெடியளும்தான், காங்கேசன்துறைக்குப் போவினம், கடற்கரையில நிண்டு நாலு படம் எடுப்பினம், ஒரு ஐஸ்கிறீம் குடிப்பினம், திரும்பி வந்திடுவினம். அங்க 1990 ஓட பூட்டின பழைய சீமெந்து பக்டரி பாத்தனீங்களோ எண்டு கேட்டால் "ஓமோம், றோட்டால போகேக்க கண்டனாங்கள், இடிஞ்சு போய்க் கிடக்கு" எண்டு ஒரு பதில். நானும் மூண்டு தரம் இப்பிடித்தான் போய் வந்தன், ஆரையும் குறை சொல்ல வரேல்லை. நாலாவது தரம் அங்க 16 வருசம் வேலை செய்த பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு போனன், அண்டைக்குத்தான் அந்த இடம் என்னெண்டு விளங்கிச்சுது. அதுக்குப் பிறகு ரெண்டு மூண்டு கூட்டத்தை நானே கூட்டிக்கொண்டு போயிருக்கிறன், ஒவ்வொரு தரமும் ஒரே கேள்வியள் வருது, அதாலதான் எல்லாத்தையும் ஒருக்கா எழுதி வைப்பம் எண்டு வெளிக்கிட்டன்.

முதல் விசயம், போற ஒழுங்கு. எல்லாரும் முதல்ல கடலுக்கு ஓடுவினம். அது பிழை. கடலைக் கடைசியாப் பாருங்கோ. பெரியப்பா எனக்குச் சொல்லித் தந்தது ஒண்டுதான்: கல்லுக்குப் பின்னால போ. கல்லு நிலத்தில எவடத்தில இருந்தது, எப்பிடித் தோண்டினது, எங்க அரைச்சது, எங்க சுட்டது, பேந்து எந்த வழியால வெளிய போனது, அந்த வழியிலயே நீங்களும் நடந்தால் தண்டவாளம் ஏன் அங்க, கல்லுத் தோண்டின கிடங்கு ஏன் அங்க, துறைமுகம் ஏன் அங்க எண்டு ஆரும் சொல்லாமலே விளங்கும். மாறிப் போனால் எல்லாம் வெறும் இடிஞ்ச கட்டடம்தான்.

எந்த மாசம் போறது? என்னைக் கேட்டால் தை முடிஞ்சு மாசி, பங்குனி. வாடைக் காலத்தில, வடகிழக்குக் காத்து நேரம் போனால் வடக்குக் கடல் கரையில வந்து அறையும், மழையும் சேந்தால் கிடங்குப் பக்கம் சேறு. சோளகக் காலத்தில, தென்மேற்குக் காத்து நேரம் மழை இல்லைத்தான், ஆனால் வெய்யிலும் புழுதியும் சேந்து ஆளைக் காய்ச்சி எடுக்கும், கண்ணுக்க மண் போகும். ஆடி அமாவாசைக்கு மட்டும் போயிடாதேங்கோ, அண்டைக்கு கீரிமலையில தகப்பன் இல்லாத ஆம்பிளையள் எல்லாம் நீராட நிப்பினம், றோட்டு முழுக்கச் சனம், உங்களுக்குக் கல்லுப் பாக்க ஏலாது. பிதிர்க்கடன் இருந்தால் அது வேற கதை, அதுக்கு எண்டு தனியாப் போங்கோ. எந்த மாசமெண்டாலும் விடிய வெளிக்கிடுங்கோ, பதினொரு மணிக்குப் பிறகு அங்க ஒதுங்க நிழல் இல்லை, பழைய மரமெல்லாம் போட்டுது, இப்ப நிக்கிறது நாயுருவியும் இபில் இபில் பத்தையும்.

எப்பிடிப் போறது எண்டதுக்கு என்ர பதில் றெயில். யாழ்ப்பாணத்திலயிருந்து றோட்டால 18 கிலோமீற்றர் அளவுதான், பஸ் இருக்கு, மோட்டச்சைக்கிள்ல அரை மணித்தியாலம், எண்டாலும் றெயில்ல போறதுக்கு ஒரு காரணம் இருக்கு, சொல்லுறன். கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம், பேந்து காங்கேசன்துறை. அதோட பாதை முடியுது, அங்கால கடல். 1990க்குப் பிறகு இந்தப் பாதையில றெயில் ஓடவேயில்லை, தண்டவாளத்தைக் கழட்டிப் பங்கருக்கு வைச்சது, சிலிப்பர்க் கட்டை விறகாப் போனது எல்லாம் எங்கட ஆக்களுக்குத் தெரிஞ்ச கதைதானே. சண்டை முடிஞ்சாப் பிறகு இந்தியக் கடன்ல திரும்பப் போட்டு 2014 ஐப்பசியில யாழ்ப்பாணம் வரைக்கும் வந்து, 2015 தை தொடங்கேக்க காங்கேசன்துறை வரைக்கும் ஓடத் தொடங்கிச்சுது. நேரத்தை மட்டும் முதல்நாளே ஸ்ரேசன்ல கேட்டு வையுங்கோ, நாளுக்கு விரல்விட்டு எண்ணுற அளவு றெயில்தான், ஒண்டைத் தவறவிட்டால் வெய்யில்லதான் போய் இறங்க வேண்டி வரும்.

இப்ப அந்தக் காரணம். சீமெந்துக்குச் சுண்ணாம்புக்கல்லு மட்டும் காணாது, களிமண்ணும் வேணும். கல்லு காங்கேசன்துறையில காலுக்குக் கீழ இருந்தது, களி எங்க இருந்து வந்தது தெரியுமோ, மன்னாரில முருங்கன்ல இருந்து. முருங்கன்ல ஏத்தி, மதவாச்சிக்குக் கீழ இறக்கி, அங்கயிருந்து திருப்பி வவுனியா, கிளிநொச்சி, ஆனையிறவு எண்டு மேல கொண்டு வந்து, யாழ்ப்பாணம் தாண்டி, நீங்கள் இப்ப இருக்கிற இதே பாதையால கொண்டுவந்து கொட்டினவை. நீங்கள் றெயில்ல போகேக்க அந்தக் களிமண் வந்த வழியிலதான் போறியள். மாவிட்டபுரம் தாண்டினவுடன வலம் இடமெண்டு பாக்காமல் ரெண்டு பக்கமும் மாறி மாறிப் பாருங்கோ, செம்மண் தோட்டம் குறைஞ்சு குறைஞ்சு வர, பத்தைக்கு மேலால பெரிய கொங்கிறீற் உருளையள் தலை காட்டும். அதுதான்.

சைக்கிள்ல போறதெண்டாலும் நல்லம், காங்கேசன்துறை றோட்டில ஏத்தம் இறக்கம் ஒண்டும் இல்லை, மருதனாமடத்தில ஒரு பிளேன்ரீ, சுன்னாகத்தில ஒரு பிளேன்ரீ எண்டு போகலாம். தண்ணிப் போத்தில் கொண்டு போங்கோ, அங்க கடை குறைவு. சுன்னாகத்தைத் தாண்டேக்க ஒண்டு நினைவில வையுங்கோ, 2014, 2015 அளவில அந்தச் சுற்று வட்டாரக் கிணறுகள்ல எண்ணெய் மிதந்து பெரிய பிரச்சினையாப் போனது, பிறகு 2019 இல உயர்நீதிமன்றம் மின்சாரம் எடுத்த கம்பனியை ரெண்டு கோடி ரூபா கட்டச் சொன்னது. சீமெந்தும் அந்த எண்ணெயும் ஒண்டுக்கொண்டு சம்பந்தமில்லாத மாதிரித் தெரியும். ஆனால் சம்பந்தம் இருக்கு, கல்லுத்தான் சம்பந்தம், அதைக் கிடங்குக்குப் போகேக்க சொல்லுறன்.

ஆரைக் கூட்டிக்கொண்டு போறது எண்டது எல்லாத்திலயும் முக்கியம். அங்க வேலை செய்த ஒராளைத் தேடிப் பிடியுங்கோ. கஸ்ரமில்லை, தெல்லிப்பழை, மல்லாகம், அளவெட்டி, ஏழாலை, சுன்னாகம் பக்கம் எந்தக் கோயிலடியில, வாசிகசாலையடியில கேட்டாலும் "உவர் சீமெந்தில இருந்தவர்" எண்டு ஒராளைக் காட்டுவினம். "சீமெந்தில இருந்தவர்" எண்டால் அது ஒரு பட்டம் மாதிரி, கலியாணம் பேசேக்க பெறுமதியான பட்டம், சம்பளம் மாதம் முடிய வரும், ஓவர்ரைம் வரும், போனஸ் வரும். ஆனால் கெதியாச் செய்யுங்கோ, 1990 இல இருவத்தைஞ்சு வயசுப் பெடியனா இருந்தவருக்கே இப்ப அறுவதாச்சு, மற்றவை எழுவது, எண்வது.

கேக்கேக்க ஒரு முறை இருக்கு. "ஐயா பக்டரியைப் பற்றிச் சொல்லுங்கோ" எண்டு கேட்டால் பத்து நிமிசம் அரசியல் சொல்லுவினம், பிறகு இடம்பெயர்வு சொல்லுவினம், அதோட முடிஞ்சுது. அப்பிடிக் கேக்காதேங்கோ. "ஐயா, நீங்கள் எந்த செக்சன்? காலைச் சிப்றோ இரவுச் சிப்றோ கூடப் பிடிக்கும்? சாப்பாடு வீட்டில இருந்து கொண்டு போறதோ கன்ரீனோ?" எண்டு சின்னச் சின்னதாக் கேளுங்கோ. பெரியப்பாட்ட நான் கன்ரீனைப் பற்றிக் கேட்டதும் மனுசன் முக்கால் மணித்தியாலம் நிப்பாட்டேல்லை, சிங்கள ஆக்கள், மலையாள ஆக்கள் எல்லாரும் அங்க வேலை செய்தவை எண்டதே எனக்கு அப்பதான் தெரியும், தேங்காய்ச் சம்பல் ஆர்ர கைக்கு என்ன ருசி எண்டதில இருந்து ஒரு முழு உலகம் வெளிய வந்திது. படம் எடுக்கலாமோ, றெக்கோட் பண்ணலாமோ எண்டு கேட்டுச் செய்யுங்கோ, ஒளிச்சு வைச்சுச் செய்யிறது அழகில்லை. கொண்டு போய் விடுறதும் திரும்பக் கொண்டு வாறதும் உங்கட பொறுப்பு, வயசானவை, ஒரு குடையும் ஒரு பிளாஸ்ரிக் கதிரையும் ஓட்டோவில போட்டுக்கொண்டு போங்கோ, கதிரையைப் பாத்துச் சிரிப்பினம், பேந்து அதிலதான் இருப்பினம்.

கொண்டு போற சாமானில இன்னொண்டு, ஒரு தேசிக்காய். பகிடி இல்லை. இறங்கி நடக்கேக்க றோட்டோரம் கிடக்கிற வெள்ளைக் கல்லு ஒண்டை எடுங்கோ, ஆணியால இல்லாட்டில் இன்னொரு கல்லால சுரண்டிக் கொஞ்சம் தூளாக்குங்கோ, அந்தத் தூளில தேசிக்காயைப் பிழிஞ்சு விடுங்கோ, கிட்ட முகத்தை வைச்சுப் பாத்தால் நுரைச்சுக்கொண்டு சின்னக் குமிழியள் எழும்பும், காதுக்குக் கிட்ட வைச்சால் சத்தமும் கேக்கும். சுண்ணாம்புக்கல்லிலதான் அப்பிடி வரும், கருங்கல்லுக்கு வராது. முழுக்கல்லில நேர பிழிஞ்சிட்டு ஒண்டும் வரேல்லை எண்டு என்னோட சண்டைக்கு வராதேங்கோ, தூளாக்க வேணும். சின்னப்பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போனால் இதொண்டு போதும், அண்டைக்கு முழுக்க ஊரில ஒரு கல்லை விடமாட்டுதுகள். நல்லாப் பாத்தால் கல்லுக்க சிப்பி, சோகி மாதிரி அச்சும் தெரியும், ஏனெண்டால் இந்தக் குடாநாட்டுக் கல்லு முழுக்க ஒரு காலத்தில கடலுக்கு அடியில படிஞ்சு இறுகினது, மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல்லு எண்டு புவியியல் ரீச்சர் படிப்பிச்சது நினைவிருக்கோ.

இந்தக் கல்லு ஸ்பொஞ்ச் மாதிரி, உள்ளுக்க வெடிப்பும் ஓட்டையும் குகையும். மழைத்தண்ணி அதுக்குள்ளால இறங்கி, அடியில இருக்கிற உப்புத் தண்ணிக்கு மேல மிதந்து நிக்குது, அதைத்தான் நாங்கள் கிணத்தில அள்ளுறம். வருசம் முழுக்க ஓடுற ஆறும் இல்லை, மலையும் இல்லை, எங்களுக்கு இருக்கிற நல்ல தண்ணி அனேகமா இந்தக் கல்லுக்கதான். நிலாவரைக் கிணறு மேல நல்ல தண்ணி, ஆழத்தில உப்பு எண்டது அதாலதான். சுன்னாகத்தில கொட்டின எண்ணெய் பக்கத்து ஊர்க் கிணறுகள்ல போய் மிதந்ததும் அதாலதான். இப்ப கிடங்கைப் போய்ப் பாருங்கோ.

கிடங்கு எண்டவுடன ஏதோ சின்னக் குழி எண்டு நினைக்கக் கூடாது. நாப்பது வருசம் வெடி வைச்சு வெடி வைச்சு எடுத்த இடம், ஒரு தொன் சீமெந்துக்கு ஒண்டரைத் தொன் அளவு கல்லு வேணும், அந்தக் கணக்கில நாட்டில எத்தினை அணைக்கட்டு, எத்தினை வீடு, எத்தினை பாலத்துக்குப் போயிருக்கும் எண்டு யோசியுங்கோ, அவ்வளவும் இந்த இடத்தில இப்ப இல்லாமல் இருக்கிற கல்லு. கரையில நிண்டு பாத்தால் சுவர் மாதிரி வெட்டின கல்லு, படி படியா வெள்ளையும் மஞ்சளும், அடியில பச்சைத் தண்ணி. வடிவா இருக்கும், அதை மறுக்க ஏலாது. அந்த வடிவுதான் பிரச்சினை, பெடியள் இறங்கப் பாக்கிறாங்கள். இறங்காதேங்கோ. கரை இறுக்கமா இருக்கிற மாதிரித் தெரியும், கீழால அரிச்சிருக்கும், தண்ணிக்குள்ள ஆழம் சரிவாப் போகாது, ஒரேயடியா விழும். ஏறி வாறதுக்குப் பிடியும் இல்லை. குறைஞ்சது பத்தடி தள்ளி நில்லுங்கோ, சின்னப்பிள்ளையளைக் கையில பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ.

அதோட இன்னொண்டு. காங்கேசன்துறை இருக்கிற வலிகாமம் வடக்கு 1990 ஆனியில சனம் இடம்பெயர்ந்ததில இருந்து ஆமியின்ர உயர்பாதுகாப்பு வலயமாக் கிடந்த இடம், கட்டம் கட்டமாத்தான் விட்டவங்கள், மயிலிட்டித் துறைமுகமே 2017 ஆடியிலதான் விட்டது. இன்னும் விடாத துண்டுகளும் இருக்கு. மிதிவெடி எடுத்த இடம், எடுக்காத இடம் எண்டு அறிவிப்புப் பலகை போட்டிருக்கும், பலகை விழுந்தும் கிடக்கும். ஆக்கள் நடந்து நடந்து பாதை விழுந்த இடத்தை விட்டு வேற இடத்தில கால் வைக்காதேங்கோ, ஒண்டுக்கிருக்கிறதுக்கெண்டு பத்தைக்குள்ள போறதும் கூடாது, ஸ்ரேசன்லயே அலுவலை முடிச்சிட்டு வெளிக்கிடுங்கோ.

இனிப் பக்டரி. உள்ள போறதுக்கு அனுமதி வேணும், அரசாங்கக் காணி, காவல் இருக்கும், மதில் பாஞ்சு போற வேலை வேண்டாம். அனுமதி இல்லாட்டிலும் பரவாயில்லை, றோட்டில நிண்டே முக்கால்வாசி வாசிக்கலாம், எப்பிடி வாசிக்கிறதெண்டு தெரிஞ்சால். கல்லை உடைச்சு, களியோட சேத்து மாவா அரைச்சு, ஒரு நீட்டுச் சூளைக்குள்ள விடுறது. சூளை எண்டால் எங்கட செங்கல்சூளை மாதிரி இல்லை, பெரிய இரும்புக் குழாய், ஒரு பக்கம் கொஞ்சம் பதிஞ்சிருக்கும், ஆறுதலாச் சுத்திக்கொண்டே இருக்கும், மேல் பக்கத்தால மா போகும், கீழ்ப் பக்கத்தில நெருப்பு, 1450 பாகை அளவு வெக்கை. கீழால வெளிய வாறது பாக்குப் பருமன்ல கறுப்பு உருண்டை, அதுக்குப் பேர் கிளிங்கர். அந்தக் கிளிங்கரை ஆற விட்டு, கொஞ்சம் ஜிப்சம் சேத்து திரும்ப அரைச்சால்தான் சீமெந்து. ஆகவே வரிசையா, ஒண்டை விட ஒண்டு பதிஞ்சு போற தடிச்ச தூண்கள் எங்கயும் கண்டால் அதுக்கு மேல சூளை படுத்திருந்தது எண்டு விளங்கும். பெரிய உருளையள் சைலோ, அரைச்ச சீமெந்தைச் சேத்து வைச்ச இடம். இரும்பைத் தேடாதேங்கோ, கழட்டக்கூடியதெல்லாம் கழட்டிப் போட்டுது, ஆர் கழட்டினது எண்டு கேட்டால் ஒவ்வொருத்தரும் மற்றவையைக் காட்டுவினம், கொங்கிறீற்றைத் தூக்க ஏலாததாலதான் அது மட்டும் மிச்சம்.

இதைத் தொடங்கினது 1950 இல. ஜீ.ஜீ.பொன்னம்பலம் கைத்தொழில் மந்திரியா இருந்த காலம், பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, வாழைச்சேனைக் கடதாசி ஆலை எல்லாம் அந்தக் காலத்துத் திட்டங்கள்தான். அரசியல்ல அவரைத் திட்டுறவையும் இதை மட்டும் ஒத்துக்கொள்ளுவினம், பெரியப்பாவும் அப்பிடித்தான், முதல் பத்து நிமிசம் திட்டிப்போட்டு "எண்டாலும் பக்டரி தந்த மனுசன்" எண்டு முடிப்பார். பிறகு 1981 இல லங்கா சீமெந்து எண்டு இன்னொரு கம்பனியும் பக்கத்தில வந்தது. 1990 ஆனியோட எல்லாத்துக்கும் பூட்டு.

பெரியப்பாவோட போன அண்டைக்கு ஒரு விசயம் நடந்தது. றோட்டால நடந்து போறம், அவர் எனக்கு ஒரு அடி முன்னால, கதைச்சுக்கொண்டே போனவர் ஒரு இடத்தில டக்கெண்டு நிண்டார். கதை நிக்கேல்லை, கால்தான் நிண்டது. இடக்கைப் பக்கம் பாத்தார், வலக்கைப் பக்கம் பாத்தார், பிறகு அதே கதையோட நடக்கத் தொடங்கினார். ஏன் பெரியப்பா நிண்டனீங்கள் எண்டு கேட்டன். நான் நிண்டனானோ எண்டு என்னையே திருப்பிக் கேட்டார். பிறகு திரும்பிப் போய் அந்த இடத்தைப் பாத்து, புல்லைக் காலால தட்டிப்போட்டுச் சொன்னார், உதாலதான் வாகன் உள்ள போற லைன், எஞ்சின் பின்பக்கமாத் தள்ளிக்கொண்டு வரும், சத்தம் பெரிசாக் கேக்காது, பாத்துத்தான் கடக்க வேணும் எண்டு. தண்டவாளமும் இல்லை, சிலிப்பரும் இல்லை, புல்லுத்தான். இதைத்தான் சொன்னனான், வேலை செய்த ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கோ எண்டு, அவையின்ர வாயைவிடக் காலைப் பாருங்கோ.

அவருக்கு இண்டைக்கும் இருக்கிற கவலை வீட்டைப் பற்றி இல்லை, ஒரு றலி சைக்கிளைப் பற்றி. கடைசியா வேலைக்குப் போன நாள் செல்லடி தொடங்கி, வந்த லொறியில ஏறி ஓடினவை, சைக்கிள் கொட்டிலுக்கதான் நிண்டது, டைனமோ பூட்டினது, பின் கரியரில புதுசா ஒரு றப்பர் நாடா. வீட்டுக்கு நட்டஈடு போம் நிரப்பேக்க சைக்கிளையும் எழுதச் சொல்லி நிண்டவர், அதுக்கு நிரல் இல்லை எண்டு எழுதுற பிள்ளை சொல்லிப்போட்டுது. இப்பவும் மனுசனுக்கு அதில கோபம்.

படம் எடுக்கிறதைப் பற்றி. கடற்படை, ஆமி நிக்கிற பக்கம், துறைமுக வாசல், சென்றி, இதுகளைப் படம் எடுக்காதேங்கோ, சட்டமோ சட்டமில்லையோ எண்டு அங்க நிண்டு வாதாடி உங்கட நாளைக் கெடுக்க வேண்டாம். ஒருக்கா என்ர சிநேகிதன் ஒருத்தன் சைலோவைத்தான் எடுத்தவன், படத்தின்ர மூலையில ஒரு காவல் கொட்டில் விழுந்திட்டுது, காவலுக்கு நிண்டவர் போனை வாங்கி அதில கிடந்த படம் எல்லாத்தையும் அழிக்க வைச்சார், அதுக்குள்ள அவன்ர தங்கச்சியின்ர சாமத்தியவீட்டுப் படமும் போட்டுது. அதுக்குப் பிறகு நான் படமெடுக்கிற நாளில ஒவ்வொரு இடத்திலயும் நிக்கிறவரிட்ட போய் "அண்ணை, உந்தப் பக்கம் எடுக்கலாமோ?" எண்டு முதலே கேக்கிறனான், பத்துக்கு எட்டுத் தரம் ஓம் எண்டு சொல்லுவினம், ரெண்டு சிங்களச் சொல்லு தெரிஞ்சால் இன்னும் லேசு. றோன் கீன் எண்டு கொண்டு போற எண்ணம் இருந்தால் வீட்டிலயே வைச்சிட்டு வாங்கோ, பலாலி விமான நிலையம் கிட்ட.

இப்பதான் கடலுக்குப் போகலாம். துறைமுகத்துக்குக் கிட்டப் போகேலாது, ஆனால் கரையில நிண்டு பாத்தால் அலைதடுப்புத் தெரியும். கல்லு வெளிய போன வழி இதுதான். எல்லாம் சீமெந்தாகிப் பையில போகேல்லை, ஒரு பங்கு கிளிங்கரா, அந்தக் கறுப்பு உருண்டையாவே, கப்பல்ல காலிக்குப் போய் அங்க இருந்த ருகுணு சீமெந்து ஆலையில அரைபட்டது. ஆகவே அந்தக் காலத்தில காலியில ஒரு மனுசன் வீடு கட்டியிருந்தால் அதின்ர சுவருக்குள்ள காங்கேசன்துறைக் கல்லும் முருங்கன் களியும் இருக்கச் சந்தர்ப்பம் உண்டு, அந்தாளுக்கு அது தெரிஞ்சிருக்காது. இதைச் சொன்னால் சிங்கள நண்பர்மார் ஒருக்கா யோசிப்பினம், நான் கூட்டிக்கொண்டு போன ஒருத்தர் உடன தகப்பனுக்குப் போன் எடுத்து வீடு எந்த வருசம் கட்டினது எண்டு கேட்டார்.

இப்ப துறைமுகம் எண்டால் நாகபட்டினம் கப்பல்தான் எல்லாற்ற நினைவிலயும். 2023 ஐப்பசியில செரியாபாணி எண்டு ஒரு கப்பல் தொடங்கிச்சுது, மாரி வந்ததோட ஒரு கிழமைக்குள்ள நிண்டிட்டுது, பேந்து 2024 ஆவணியில சிவகங்கை எண்டு வேற கப்பல். அதில போறதெண்டால் ஓடுதோ இல்லையோ எண்டு விசாரிச்சிட்டு ரிக்கற் எடுங்கோ, கடல் குழம்பினால் நிப்பாட்டுவாங்கள். துறையின்ர பேரும் ஒரு சிலை கடலால வந்த கதைதான், மாவிட்டபுரத்துக்கு எண்டு கொண்டு வந்த காங்கேயன் சிலை இறங்கின துறை, அதால காங்கேசன்துறை. குதிரை முகத்தோட வந்த ராசாத்தி கீரிமலையில முழுகி முகம் மாறின இடம் மா விட்ட புரம். எல்லாருக்கும் தெரிஞ்ச கதை, நீட்டேல்லை.

சாப்பாடு: பெரிசா எதிர்பாக்காதேங்கோ, மாவிட்டபுரச் சந்திப் பக்கமோ கீரிமலைப் பக்கமோ வடை, பிளேன்ரீ கிடைக்கும், சோறு எண்டால் வீட்டில இருந்து கட்டிக்கொண்டு வாறதுதான் புத்தி. கட்டுச்சோறும் மாங்காய்ச் சம்பலும் கொண்டு போனால் கன்ரீன் கதை தானா வரும்.

பக்டரி எண்டால் ஓடுற மெசினைப் பாக்க வேணும், இடிஞ்சதைப் பாத்து என்ன பிரயோசனம் எண்டு கேக்கிற ஆக்களும் இருக்கினம், அவை அச்சுவேலிக்குப் போகலாம். அங்கத்தைக் கைத்தொழிற்பேட்டையும் சண்டையில அழிஞ்சதுதான், இந்திய உதவியோட திரும்பக் கட்டி இப்ப சின்னச் சின்னக் கம்பனியள் ஓடுது. முதலே கதைச்சுக் கேட்டுப் போனால் உள்ள விட்டுக் காட்டுவினம், சும்மா போய் படலையில நிண்டால் விடமாட்டினம், அவையும் வேலை செய்ய வேணும்தானே. காங்கேசன்துறை, பரந்தன், மாங்குளம் மூண்டிலயும் கைத்தொழில் வலயம் வரப்போகுது எண்டு அரசாங்கமும் சொல்லிக்கொண்டிருக்கு. வரட்டும், பெடியளுக்கு வேலை வேணும். ஆனால் திரும்பக் கல்லுத் தோண்டுறது எண்டு கதை வந்தால் நீங்கள் அந்தக் கிடங்குக் கரையில நிண்டு பாத்த பச்சைத் தண்ணியை நினைச்சுக்கொண்டு கதையுங்கோ, உங்கட வீட்டுக் கிணத்துத் தண்ணியும் அதே கல்லுக்கதான் நிக்குது. பெரியப்பா இந்த விசயத்தில என்னோட ஒத்துவரமாட்டார், திரும்பத் திறந்தால் நாளைக்கே வேலைக்குப் போறன் எண்டு நிக்கிறார், எழுவத்திமூண்டு வயசு.

முடிஞ்சாப் பிறகு கீரிமலைக்கு வாங்கோ, ஓட்டோவில கொஞ்ச நேரம்தான். கேணியில இறங்குங்கோ, ஆம்பிளையளுக்கு ஒரு கேணி, பொம்பிளையளுக்குப் புறம்பா மறைப்போட ஒண்டு. கடலுக்கும் கேணிக்கும் இடையில ஒரு சுவர்தான், அங்கால உப்பு, இஞ்சால கல்லுக்குள்ளால ஊறி வாற தண்ணி. சுவரோட சேந்து நிண்டால் அடியில ஒரு இடத்தில குளிராத் தண்ணி காலில முட்டும், அது ஊத்து வாய். மாத்துடுப்பும் துவாயும் காலையிலயே பையில வைச்சிருந்தால்தான் இது சரி, இல்லாட்டில் ஈரச் சாரத்தோட றெயில்ல நிண்டுகொண்டுதான் வர வேணும், நான் வந்திருக்கிறன், கொக்குவில் வரைக்கும் காயேல்லை.